புனைபெயரைப் பார்த்து வாசகர் எழுத்தாளரை எடைபோடுவாரா?

முதல் பத்துப் பக்கம் வரைக்கும் போடுவார் என்றுதான் சொல்வேன். அதற்கப்புறம் எழுத்துதான் பேசும்.

சுஜாதாவை எடுத்துக்கொள்ளுங்கள். இயற்பெயர் ரங்கராஜன். குமுதத்தில் ரா.கி.ரங்கராஜன் ஏற்கெனவே பிரபலமாக இருந்ததால், குழப்பம் வேண்டாமென்று மனைவியின் பெயரை வைத்துக்கொண்டார். எழுதியது பெண் என்று நம்பிய வாசகர்கள் உண்டு. ஆனால் அந்தப் பெயரில் அறிவியல் எழுதியபோது யாரும் இளக்காரமாகப் பார்க்கவில்லை. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளர் என்ற தகவலும் கைகொடுத்திருக்கும்.

இதைவிடச் சுவாரசியமான ஆள் ஸ்ரீவேணுகோபாலன். டெல்லி சுல்தானின் படையெடுப்பின்போது ஸ்ரீரங்கத்துப் பெருமாளின் உற்சவ விக்கிரகத்தைக் காப்பாற்ற அடியார்கள் ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைந்த கதையை ‘திருவரங்கன் உலா’ என்று எழுதியவர். பக்தர்கள் இன்றும் பூஜையறைக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கிற வகைப் புத்தகம். அதே மனிதர்தான் புஷ்பா தங்கதுரை என்ற பெயரில் ‘ஒரு ஊதாப்பூ கண் சிமிட்டுகிறது’ எழுதினார், சிவப்பு விளக்குப் பகுதிக் கதைகளும் எழுதினார். அவற்றை வீட்டில் ஒளித்து வைத்துப் படித்தவர்கள் ஏராளம். ஒரே பேனா, இரண்டு மரியாதை! அட்டையில் பெயரை மாற்றிப் போட்டிருந்தால் இரண்டு கூட்டமுமே முகம் சுளித்திருக்கும்.

அதனால், நீங்கள் புதிதாகப் பெயர் தேடுகிறீர்கள் என்றால், கனமான பெயரா என்று பார்க்காதீர்கள். வேறு யாரோடும் குழம்பாத பெயரா, எழுதப்போகிற விஷயத்தோடு உறுத்தாமல் நிற்குமா என்று பாருங்கள்.