கணினி கேள்வி-பதில்: நெல் மில்லுக்கு எந்த டேட்டாபேஸ்?

கேள்வி: எங்களுடையது நெல் அரவை மில். எடை மேடை, கணக்கறை, அரிசி கவுண்டர் என மூன்று இடங்களில் கணினி இருக்கிறது. விவசாயி பெயர், ஊர், மூட்டை, ஈரப்பதம், பட்டுவாடா பதியப் புது மென்பொருள் எழுதுகிறோம். டேட்டாபேஸுக்கு எஸ்க்யூலைட் போதுமா, போஸ்ட்கிரெஸ் வேண்டுமா? அடிக்கடி கரண்ட் போகும்.
- வாசகர், மன்னார்குடி

பதில்: அளவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சம்பா அறுவடை வேகத்திலேயே, நாளுக்கு 500 பதிவு, ஒன்றுக்கு 200 பைட் என்று வருடம் முழுக்க ஓடினாலும் 36 எம்பி சொச்சம்தான். அதை எது வேண்டுமானாலும் தாங்கும். எத்தனை கணினி ஒரே நேரத்தில் எழுதும் என்பதே கேள்வி.

ஒரே கணினி என்றால் எஸ்க்யூலைட் தாராளம். உங்களுக்கோ மூன்று. எஸ்க்யூலைட் வெறும் ஒரு கோப்பு. அதை ஷேர்டு ஃபோல்டரில் போட்டு எல்லோரும் திறப்பதில்தான் வினையே வருகிறது. ஒருவர் எழுதும்போது மற்றவரைத் தடுப்பது கோப்பின் மேல் விழும் பூட்டு. நெட்வொர்க் ஃபோல்டரில் அந்தப் பூட்டை நம்ப முடியாது. இருவர் கோப்பின் ஒரே பகுதியில் எழுதிவிட்டால் கோப்பு கெட்டுப்போகும்.

ஆகவே போஸ்ட்கிரெஸ். தவிட்டுத் தூசி எட்டாத கணக்கறைக் கணினியில் நிறுவுங்கள். முதல் நாள் மற்ற இரண்டும் இணையாது, பதற வேண்டாம். போஸ்ட்கிரெஸ் அமைப்புக் கோப்பில் ‘லிசன்_அட்ரஸஸ்’ வெறும் லோக்கல்ஹோஸ்ட் (அதே கணினி) என்றிருந்தால் நெட்வொர்க்குக்கும் திறந்துவிட்டு, யார் இணையலாம் என்று சொல்லும் பிஜி_எச்பிஏ கோப்பில் உங்கள் உள் நெட்வொர்க்குக்கு ஒரு வரி சேர்த்து, ஃபயர்வாலில் போஸ்ட்கிரெஸின் 5432 போர்ட்டைத் திறந்தால் சரி. இன்டர்நெட் பக்கம் மட்டும் திறந்துவிடாதீர்கள்.

எடைக்கும் தொகைக்கும் தசமத்தை அப்படியே வைக்கும் நியூமெரிக் வகைதான், தோராயமாக வைக்கும் ஃப்ளோட்டில் 0.1-ஐயே துல்லியமாகச் சேமிக்க முடியாது, கூட்டக் கூட்ட பைசா உதைக்கும்.

ஊர்ப் பட்டியலையும் கவனியுங்கள். யூனிகோடில் ‘ந’வுக்கு அடுத்தே ‘ன’ இருப்பதால் மயிலாடுதுறைக்கு முன்னால் மன்னார்குடி வந்து நிற்கும். உங்கள் ஊருக்குப் பெருமைதான், ஆனால் நம் அகரவரிசையில் ‘ன’ கடைசி எழுத்து. வரிசைப்படுத்தும்போது ‘டிஏ-எக்ஸ்-ஐசியு’ (ta-x-icu) என்ற தமிழ் கொலேஷனை, அதாவது வரிசை விதியை, கொடுங்கள். போஸ்ட்கிரெஸ் 10-ஆம் பதிப்பிலிருந்து உண்டு.

பதிவு முதலில் வட்டில் உள்ள லாக்கில் ஏறிய பிறகுதான் போஸ்ட்கிரெஸ் ‘ஆயிற்று’ என்று சொல்லும். வேகம் கூடும் என்று எஃப்சிங்க்கை (இப்படி வட்டில் ஏறியதை உறுதி செய்யும் அமைப்பை) அணைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு அணைத்தால், கரண்ட் போகும் நேரத்தில் டேட்டாபேஸே கெடலாம். யுபிஎஸ்ஸை நெட்வொர்க் சுவிட்சுக்கும் கொடுங்கள். இரவில் போஸ்ட்கிரெஸின் பேக்கப் கருவியான பிஜி_டம்ப் மூலம் பேக்கப் எடுத்து வேறு வட்டில் வையுங்கள். சர்வர் ஓடிக்கொண்டிருக்கையில் டேட்டா ஃபோல்டரைக் காப்பி அடித்து வைத்தால் திரும்ப ஏற்றும்போது கைவிடும்.

கேள்வி: உரக்கடைக்கு எழுத வந்திருக்கும் தம்பிக்கு மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ்தான் தெரியுமாம். பரவாயில்லையா?
- வாசகர், திருவாரூர்

பதில்: பழகிய கை பெரிது; அதிலேயே எழுதட்டும். பதிப்பு மட்டும் 8.0.16-க்குக் கீழே வேண்டாம். அதற்கு முந்தையவை ‘இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது’ போன்ற செக் நிபந்தனையை வாங்கிக்கொண்டு கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். யூரியா இருப்பு மைனஸில் போனாலும் தடுக்காது. டேபிள் அமைப்பை மாற்றினால் ரோல்பேக் (பழைய நிலைக்குத் திரும்புவது) கிடையாது, அதுவரை செய்த மாற்றங்களும் சேர்ந்தே உறுதியாகிவிடும். அதற்கு முன்பே பேக்கப் எடுக்கச் சொல்லுங்கள்.