நடித்தெடுத்த படம் பொய்யாகுமா?

கேள்வி: எங்கள் இளைஞர் மன்றம், குடியை விடுவது பற்றி ஆட்களை நடிக்கவைத்து உருவப்படங்கள் எடுத்துக் காட்சிப்படுத்த எண்ணுகிறது. இது பொய்யாகாதா?
– வாசகர், கொட்டாஞ்சேனை, கொழும்பு 13

பதில்: ஆகாது. 1857இலேயே ஒஸ்கார் ரெய்லாண்டர் என்ற புகைப்படக் கலைஞர், ஆட்களை நடிக்கவைத்து எடுத்த 30இற்கும் மேற்பட்ட எதிர்ப்படங்களை (நெகட்டிவ்களை) இணைத்து, உழைப்பின் வழியையும் களியாட்டத்தின் வழியையும் ஒரே படத்தில் காட்டியிருக்கிறார். ஆனால், சாராயப் போத்தலுடன் சரிந்து கிடப்பவரைக் காட்டுவது சலித்துப்போன உத்தி. பார்ப்பவர் ‘அது நானில்லை’ என்று நகர்ந்துவிடுவார். அதைவிட, குடியை விட்ட ஒருவர் மாலையில் யன்னலோரம் பிள்ளையின் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருப்பதை, பக்கவாட்டு வெளிச்சத்தில், கமராவைக் கண்மட்டத்தில் வைத்து எடுங்கள். நடிப்பவரையே குடிகாரராக அயலவர் எண்ணிவிடக்கூடும் (வீடுகள் நெருங்கியிருக்கும் நம் தோட்டங்களில் கதை விரைந்து பரவும்). ஆகவே, எழுத்துமூலச் சம்மதம் பெற்று, படத்தின் கீழ் ‘இது நடிப்பு’ என்று குறிப்பிடுங்கள்.