விலை குறைவாக வரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்: விபத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, விலையை எப்படிக் கணிப்பது?

கேள்வி: 2014ஆம் ஆண்டு போர்ஷே கேமன் எஸ் (981 என்பது அந்தத் தலைமுறையின் குறியீடு) ஒன்று மேனுவல் கியர்பாக்ஸுடன் விற்பனைக்கு வந்திருக்கிறது. 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இதே ஆண்டு, இதே கியர்பாக்ஸ் கொண்ட மற்ற கார்களைவிட ஐந்தில் ஒரு பங்கு விலை குறைவு. கல் தெறித்த தழும்புகளை மறைக்க முன் பம்பருக்கு மட்டும் பெயிண்ட் அடித்ததாக விற்பவர் சொல்கிறார். சேஸிஸ் எண்ணை வைத்து எடுத்த வரலாற்று அறிக்கையில் விபத்து எதுவும் பதிவாகவில்லை. இந்த விலை நியாயமானதா, அல்லது ஏதேனும் மறைக்கப்படுகிறதா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதில் எனக்கு உறுத்துவது பம்பர் அல்ல, விலைதான். இத்தகைய கார்களின் பம்பருக்கு மறுபடி பெயிண்ட் அடிப்பது மிகச் சாதாரணமான வேலை. முன்பகுதி தாழ்வாக இருப்பதாலும் நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டப்படுவதாலும் சில ஆண்டுகளிலேயே அங்கே கல் தழும்புகள் நிறைந்துவிடும். ஆனால் பம்பருக்குப் பெயிண்ட் அடித்த ஒரே காரணத்துக்காக எவரும் ஐந்தில் ஒரு பங்கைத் தள்ளுபடி செய்ய மாட்டார்கள். அந்தக் குறைவுக்கு வேறொரு காரணம் இருக்கிறது. அது என்னவென்று தெரியும் வரை பேரத்தில் இறங்காதீர்கள். முதலில் காரின் வரலாறு, அதன் பிறகே விலை என்ற வரிசையை மாற்றவே கூடாது.

வரலாற்று அறிக்கை சுத்தமாக இருப்பதை வைத்து ஆறுதல் அடைய வேண்டாம். காப்பீட்டு நிறுவனம், காவல்துறை, ஏல நிலையம் போன்ற எவரோ பதிவு செய்தது மட்டுமே அந்த அறிக்கைக்குள் வரும். உரிமையாளர் தன் கையிலிருந்து பணம் கொடுத்துப் பழுது பார்த்திருந்தால் அதன் சுவடே அங்கே இருக்காது. ஸ்போர்ட்ஸ் கார்களில் இது மற்ற கார்களைவிட அதிகமாக நடப்பதற்குக் காரணம் உண்டு: பந்தயத் தடத்தில் ஓட்டும்போது ஏற்படும் சேதத்தைப் பெரும்பாலான காப்பீட்டு ஒப்பந்தங்கள் ஏற்பதில்லை, ஆகவே தடுப்புச் சுவரில் மோதிய கார் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரியாமலேயே பட்டறைக்குப் போய்த் திரும்புகிறது. அறிக்கையில் விபத்து பதிவாகியிருந்தால் அதை நம்பலாம். பதிவாகவில்லை என்பதால் விபத்து நடக்கவில்லை என்று ஆகிவிடாது. சேஸிஸ் எண்ணை இணையத்தில் ஒருமுறை தேடிப் பாருங்கள். மோதிய நிலையில் ஏலத்துக்கு வந்த கார்களின் பழைய படங்கள் சில நேரம் அப்படியே கிடைத்துவிடும்.

அடுத்து, பெயிண்டின் தடிமன். இதை அளக்கும் கருவி சிறியது, இரவல் வாங்கியாவது பயன்படுத்த வேண்டியது. தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட் பெரும்பாலும் 80 முதல் 160 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இருக்கும். மேலே இன்னொரு முறை அடித்திருந்தால் 200, 300 என்று ஏறும். பட்டி போட்டு நிரவியிருந்தால் 500ஐத் தாண்டி ஆயிரக்கணக்கிலும் போகும். எண்ணைவிட, அது பாகத்துக்குப் பாகம் எப்படி மாறுகிறது என்பதே முக்கியம். கார் முழுவதும் 110 முதல் 130 வரை காட்டிவிட்டு, இடது முன் ஃபெண்டரில் (சக்கரத்தை மூடும் பக்கத் தகட்டில்) மட்டும் 260 காட்டினால் அங்கே யாரோ வேலை பார்த்திருக்கிறார்கள். இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. இந்தக் காரில் கதவுகளும் முன், பின் மூடிகளும் அலுமினியத்தால் ஆனவை என்பதால், இரும்பை மட்டும் அளக்கும் மலிவான காந்தக் கருவி அங்கே பயன்படாது. இரு உலோகங்களையும் அளக்கும் கருவிதான் வேண்டும். பிளாஸ்டிக் பம்பரை இரண்டுமே அளக்காது. மேலும், பெயிண்டைக் காக்க ஒட்டப்படும் ஒளி ஊடுருவும் ஃபிலிம் ஏறத்தாழ 200 மைக்ரான் வரை தடிமனைக் கூட்டிவிடும் என்பதால், அதிக எண்ணைக் கண்டதும் விற்பவர்மீது பழி சுமத்தாமல், விளிம்பில் நகத்தை வைத்து ஃபிலிம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

பெயிண்ட் மேல்தோலைப் பற்றி மட்டுமே பேசும். பழைய பெயிண்டை முழுவதும் சுரண்டிவிட்டுத் திறமையாக அடித்தால் தடிமன் சரியாகவே காட்டும். ஃபெண்டரையே புதிதாக மாற்றியிருந்தாலும் அப்படித்தான். எனவே உங்கள் நேரத்தில் பெரும்பகுதியை உள் உடலுக்குக் கொடுங்கள். இந்தக் காரில் இன்ஜின் இருக்கைகளுக்குப் பின்னால் இருப்பதால் முன்மூடியைத் திறந்தால் சாமான் அறைதான் இருக்கும். அதற்குள் பொருத்தியிருக்கும் விரிப்பு உறையை விற்பவரின் அனுமதியுடன் கழற்றிவிட்டு, டார்ச் விளக்கைச் சாய்வாகப் பிடித்துத் தரைத் தகட்டையும் இருபுற ஓரங்களையும் பாருங்கள். தகடுகளை இணைக்கத் தொழிற்சாலையில் இயந்திரம் வைத்த புள்ளிகள் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் வரிசையாக இருக்கும். தகடுகள் சேரும் இடத்தில் பூசிய சீலரும் (இடைவெளியை அடைக்கும் பசையும்) ஒரே அகலத்தில் ஓடும். மோதலுக்குப் பிறகு கையால் செய்த வேலையில் புள்ளிகள் பெரிதும் சிறிதுமாக இருக்கும், அல்லது கிரைண்டர் வைத்துத் தேய்த்த சுவடு பெயிண்டுக்கு அடியில் தெரியும். சீலர் தூரிகையால் இழுத்ததுபோல் அகன்றும் குறுகியும் போகும். வலப்புறத்தையும் இடப்புறத்தையும் மாறி மாறிப் பாருங்கள். இரண்டும் ஒன்றுபோல் இல்லையென்றால், எது அசல் என்று தெரியாவிட்டால்கூட, ஒரு புறத்தில் வேலை நடந்திருக்கலாம் என்று சந்தேகியுங்கள். தகட்டில் லேசான அலை இருந்தாலும் அது நேராக்கப்பட்ட தகடு என்று கொள்ளுங்கள்.

மூடியின் கீல்களையும் ஃபெண்டர்களையும் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையில் பெயிண்ட் விரிசலிட்டிருந்தால் அவற்றில் ஸ்பேனர் பட்டிருக்கிறது. பல போர்ஷே கார்களில் முன்மூடியின் உட்புறத்தில் சேஸிஸ் எண்ணும் ஆப்ஷன் குறியீடுகளும் அச்சிட்ட லேபிள் ஒட்டியிருக்கும். அது காணாமல் போயிருந்தால் மூடி மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். முன் சக்கரங்களுக்கு முன்னால் ஒரு புறத்துக்கு ஒன்றாக ரேடியேட்டர்கள் இருக்கின்றன. ஒன்று மட்டும் புதிதாகத் தெரிந்தால், கல் பட்டு ஓட்டையானதால் மாற்றியிருக்கவும் கூடும், மோதலில் நசுங்கியதால் மாற்றியிருக்கவும் கூடும்; பில் இருந்தால் எது என்று தெரிந்துவிடும். ஹெட்லைட்டுகளின் பின்புறத்தில் உள்ள தயாரிப்புத் தேதிகள், கதவுக் கண்ணாடிகளின் மூலையில் உள்ள ஆண்டுக் குறியீடுகள் ஆகியவற்றையும் இருபுறமும் ஒப்பிடுங்கள். முன் கண்ணாடி மாற்றப்பட்டிருந்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கல் பட்டு உடைவது அதுதான். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழுத்து, அடியில் உள்ள லேபிளின் தேதி காரின் வயதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில வினாடிகள் எரிந்து அணைய வேண்டும். அது எரியவே இல்லையென்றால் வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல் விளக்கை மட்டும் அணைத்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் எழ வேண்டும். உயிரைக் காக்கும் பாகத்தில் செய்த ஏமாற்றுவேலைக்கு எந்த விலைக் குறைப்பும் ஈடாகாது.

இதற்கெல்லாம் மேலாக நான் நம்புவது நான்கு சக்கர அலைன்மென்ட் அறிக்கையைத்தான். கேம்பர் (சக்கரம் பக்கவாட்டில் சாயும் கோணம்), டோ (சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் கோணம்) போன்ற அளவுகளைத் திருத்தி, அறிக்கையில் சரியான அளவைக் குறிக்கும் பச்சை நிறத்துக்குக் கொண்டுவந்துவிடலாம் என்பதால், எந்தச் சக்கரத்தில் சரிசெய்யும் போல்ட் கடைசி எல்லை வரை தள்ளப்பட்டிருக்கிறது என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். முன் சக்கரங்கள் இரண்டின் காஸ்டர் கோணங்களுக்கிடையே (சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாயும் கோணங்கள்) பெரிய வேறுபாடு, பின் சக்கரங்கள் காரின் நடுக்கோட்டிலிருந்து விலகித் தள்ளுதல், ஒரு முன் சக்கரம் மற்றொன்றைவிடப் பின்தங்கி நிற்றல் ஆகிய மூன்றும் சஸ்பென்ஷன் கையோ அதைத் தாங்கும் உடலோ வளைந்திருப்பதைக் காட்டும் அடையாளங்கள். சாலையில் ஓட்டிப் பார்ப்பதும் தேவைதான், ஆனால் நல்ல டயர்கள் போட்ட கார் வளைந்த உடலை நன்றாகவே மறைத்துவிடும்.

இனி உங்கள் காருக்கே உரிய ஒன்று. இன்ஜினின் கணினி தன் மொத்த இயக்க மணிநேரத்தையும், இன்ஜின் வரம்பு மீறிச் சுழன்ற தருணங்களை ஆறு பிரிவுகளாகவும் பதிந்து வைத்திருக்கிறது. போர்ஷேக்குரிய ஸ்கேனர் வைத்திருக்கும் எந்தப் பட்டறையும் இதை எடுத்துத் தரும். முதல் இரண்டு பிரிவுகளில் எண்கள் இருந்தால் ஓட்டியவர் உற்சாகமாக ஓட்டியிருக்கிறார், அவ்வளவுதான். நான்காம் பிரிவு முதல் மேலே எண்கள் இருந்தால், மேனுவல் கியரில் மேலே போட வேண்டிய இடத்தில் தவறிக் கீழ்கியருக்குப் போட்டிருக்கிறார் என்று பொருள். அப்போது இன்ஜினைச் சக்கரங்களே இழுத்துச் சுழற்றுவதால் எந்தக் கணினியாலும் தடுக்க முடியாது. அது கடைசியாக எந்த இயக்க மணியில் நடந்தது என்பதும் பதிவில் இருக்கும். பல நூறு மணி நேரத்துக்கு முன்பு நடந்து, அதன் பிறகு கார் கோளாறின்றி ஓடியிருந்தால் கவலை குறைகிறது. அண்மையில் நடந்திருந்தால் லீக்டவுன் சோதனை (சிலிண்டருக்குள் காற்றை அழுத்திக் கசிவை அளப்பது) செய்யாமல் வாங்காதீர்கள். இயக்க மணிநேரம் ஓடோமீட்டரையும் சோதித்துத் தரும். 62,000 கிலோமீட்டருக்கு 1,450 மணி நேரம் என்றால் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 43 கிலோமீட்டர், அது இயல்பானது. 2,900 மணி நேரம் என்று காட்டினால் சராசரி 21 ஆகிவிடும். நெரிசலான நகருக்குள் மட்டுமே ஓடிய கார் என்று விற்பவரால் காட்ட முடியாவிட்டால், கிலோமீட்டர் குறைக்கப்பட்டிருக்கிறது என்றே கருதுங்கள்.

விலைக்கு வருவோம். விளம்பரத்தில் கேட்கும் விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். உண்மையில் கைமாறிய விலைகளைத் தேடுங்கள், ஏல முடிவுகள் அதற்கு உதவும். ஆண்டு, கியர்பாக்ஸ், கிலோமீட்டர், உரிமையாளர் எண்ணிக்கை ஆகியவை ஒத்துப்போகும் நல்ல கார் ஒன்றின் விலையைத் தொடக்கமாக வைத்து, உடனே செய்ய வேண்டிய வேலைகளை அதிலிருந்து கழியுங்கள். டயர், கிளட்ச், பிரேக் டிஸ்க் ஆகிய மூன்றுமே இந்த வகைக் காரில் கனமான செலவுகள். செராமிக் பிரேக் இருந்தால் அதன் டிஸ்குகளைத் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள், மாற்ற வேண்டி வந்தால் உங்கள் பேரம் முழுவதும் அதிலேயே கரைந்துவிடும்.

விபத்துக்கான கழிவு அதற்குப் பிறகுதான் வரும். பம்பரும் பெயிண்டும் மட்டும் என்றால் நான் ஏறத்தாழ எதையும் கழிக்க மாட்டேன். ஃபெண்டர், மூடி, ஹெட்லைட் போன்ற போல்ட் போட்டு மாட்டும் பாகங்கள் மாறியிருந்து, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களோடு பில்லும் இருந்தால் பத்து சதவீதம் வரை கழிப்பேன். உடலின் தாங்கு தகடுகள் வெட்டி ஒட்டப்பட்டிருந்தால், நல்ல பட்டறையில் அளவெடுத்துச் செய்த வேலையாகவே இருந்தாலும் மூன்றில் ஒரு பங்காவது குறைய வேண்டும். நாளை நீங்கள் விற்கும்போது வாங்குபவரும் அதைத்தான் கேட்பார். அதே வேலை எவர் செய்தது, எப்படிச் செய்தது என்ற ஆவணம் இல்லாத காருக்கு என்னிடம் விலையே கிடையாது.

விற்பவரிடம் "விபத்து நடந்ததா" என்று கேட்டால் "இல்லை" என்ற ஒற்றைச் சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். எந்தெந்தப் பாகத்துக்குப் பெயிண்ட் அடித்தீர்கள், எப்போது, எந்தப் பட்டறையில், பில் எங்கே என்று கேளுங்கள். அவர் மூன்றாவது உரிமையாளராக இருந்தால் அவருக்கே தெரியாத பழங்கதை இருக்கலாம், ஆகையால் மரியாதையுடன் கேளுங்கள். முன்பணம் கொடுத்தால், லிஃப்ட்டில் ஏற்றிச் செய்யும் பரிசோதனையில் பழுது தெரிந்தால் அது திரும்பக் கிடைக்கும் என்று எழுதி வாங்கிய பிறகே கொடுங்கள்.

உங்கள் காரில் முன் அறையின் தரை அசலாக இருந்து, அலைன்மென்ட் இருபுறமும் ஒத்துப்போய், கணினிப் பதிவும் சுத்தமாக வந்தால், விலைக் குறைவுக்குக் காரணம் தேய்ந்த கிளட்ச், டயர் போன்றவையாகவோ விற்பவரின் அவசரமாகவோ இருக்கலாம். அப்போது அந்த வேலைகளின் செலவைக் கூட்டிப் பாருங்கள். ஐந்தில் ஒரு பங்குக்குள் அடங்கினால் தயங்காமல் வாங்குங்கள். இந்த மூன்றில் ஒன்றைச் சோதிக்க விற்பவர் மறுத்தாலும் இன்னொரு கேமனைத் தேடுங்கள்.