பதில்: ஒரே ஷீட்டைப் பார்த்தும் ஒரே தெருவுக்கு மூன்று குழுவின் சாப்பாட்டு வண்டி

வெள்ள நிவாரணத்தில் உதவி கேட்பவர்களின் விவரங்களை எல்லாக் குழுக்களும் ஒரே ஆன்லைன் ஷீட்டில் பார்த்தும், ஒரே தெருவுக்கு மூன்று சாப்பாட்டு வண்டிகள் போகின்றன, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். அந்த ஷீட்டில் இரண்டு பத்திகள் சேருங்கள்: "கடைசியாகப் போனில் உறுதி செய்த நேரம்", "யார் போகிறார்கள்". இரண்டும் நிரம்பாமல் எந்தக் குழுவின் வண்டியும் கிளம்பக் கூடாது.

இப்படி வண்டிகள் குவியக் காரணம் பெரும்பாலும் தேதியில்லாத வாட்ஸ்அப் பார்வேர்டுதான். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் பார்த்தேன்: "முடிச்சூர், மாடியில் கைக்குழந்தை, பால் இல்லை" என்ற செய்தி, அவர்களை மீட்டு இரண்டு நாள் கழித்தும் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில் பக்கத்துத் தெருவுக்கு யாரும் போகவில்லை. இன்னும் மனசு ஆறவில்லை.

இப்போதே பத்து வரிகளை எடுத்து அந்த எண்களுக்குப் போன் போட்டுப் பாருங்கள். பாதிப் பேர் "சாப்பாடு வந்துவிட்டது" என்றால் பழைய வரிகள்தான் உங்களை அலைக்கழிக்கின்றன. அவற்றை அழிக்காதீர்கள், "முடிந்தது" என்று குறியுங்கள். அழித்தால் அதே பார்வேர்டு புது வரியாகத் திரும்பி வரும்.

டவர் போனால் ஷீட்டும் போய்விடும், 2015இல் பல இடங்களில் அதுதான் நடந்தது. காலையும் மாலையும் ஒரு பிரின்ட் எடுத்து வையுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் ஷீட்டில் ஏற்றும் முன்பே மாநில அவசரக் கட்டுப்பாட்டு அறையின் 1070 அல்லது மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077க்குச் சொல்லிவிடுங்கள்.