கணவன் மனைவி இரண்டு பேர் மட்டும் படகு ஓட்டிக்கொண்டு இங்கிலாந்துக் கால்வாய்களில் போக முடியுமா? முன்அனுபவம் வேண்டுமா?

முடியும். லைசென்ஸ்கூடக் கேட்க மாட்டார்கள். வாடகைக்குப் படகு கொடுப்பவர்கள் எஞ்சின், தண்ணீர்த் தொட்டி, கழிவறை எல்லாவற்றையும் காட்டிவிட்டு, கொஞ்ச தூரம் கூடவே வருவார்கள். அப்புறம் கரையில் இறங்கி டாட்டா காட்டிவிடுவார்கள். அந்த நிமிடத்திலிருந்து பதினைந்து டன் இரும்பு உங்கள் பொறுப்பு. பயப்பட வேண்டாம், அது நடக்கிற வேகத்தில்தான் போகும். மணிக்கு 4 மைலுக்கு மேல் போகக் கூடாது. கரையில் கட்டியிருக்கும் படகுகளைத் தாண்டும்போது இன்னும் மெதுவாகப் போக வேண்டும்.

நானும் கணவரும் போனது லாங்கோத்லென் கால்வாய். செஷயரில் நான்ட்விச் ஊருக்குப் பக்கத்தில் ஹர்ல்ஸ்டன் என்ற இடத்தில் பிரிந்து, ஷ்ராப்ஷயர் வழியாக வேல்ஸுக்குள் போகிறது. 40 மைலுக்கு மேல் நீளம், மொத்தம் 21 லாக், அதாவது படகை ஏற்றி இறக்கும் தொட்டிகள். இரண்டே பேர் போவதற்கு இதைத்தான் நான் சொல்வேன். லாக்குகள் குறுகலானவை. 7 அடி அகலம்தான், ஒரு படகு மட்டும் நுழையும். அகலமான லாக்குகளில் கதவு ஒவ்வொன்றும் யானை கனம் இருக்கும், இரண்டு பேருக்கு இடுப்பு ஒடிந்துவிடும்.

லாக் தெரியாதவர்களுக்கு: மேட்டுக் கால்வாய்க்கும் பள்ளத்துக் கால்வாய்க்கும் நடுவில், இரண்டு பக்கமும் கதவு வைத்த கல்தொட்டி. மேலே ஏற வேண்டுமென்றால் காலித் தொட்டிக்குள் படகை விட்டு, பின்கதவைச் சாத்தி, மேல்பக்க ஷட்டரைத் திறந்தால் தண்ணீர் நிறைந்து படகு தானாக எழும்பும். நம் ஊர் ஏரி மதகில் ஷட்டர் தூக்குவது போலத்தான். விண்ட்லஸ் என்று ஒரு வளைந்த இரும்புக் கைப்பிடி கொடுப்பார்கள், அதைப் பல்சக்கரத்தில் மாட்டிச் சுற்ற வேண்டும். மோட்டார் கிடையாது, பெரும்பாலான இடங்களில் ஆளும் கிடையாது. ஒரு தடவை நிறைக்க ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் போகிறது. அதனால் எதிரே படகு வந்து, தொட்டி அவர்களுக்கு வசதியான மட்டத்தில் இருந்தால் நாம்தான் காத்திருக்க வேண்டும்.

ஒரே ஒரு ஆபத்தை மட்டும் மனதில் வையுங்கள். கீழே இறங்கும்போது மேல்கதவுக்கு அடியில் ஒரு கல்படி நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் நிறைந்திருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. படகின் பின்பகுதி அதன்மேல் உட்கார்ந்துவிட்டால், தண்ணீர் வடிய வடிய முன்பக்கம் கீழே போய்ப் படகு மூழ்கும். லாக் சுவரில் வெள்ளைக் கோடு போட்டு எச்சரிக்கை எழுதியிருப்பார்கள். படகு அந்தக் கோட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும். கரையில் ஷட்டர் சுற்றுபவர் படகைப் பார்த்துக்கொண்டே சுற்ற வேண்டும், போனைப் பார்த்துக்கொண்டு அல்ல.

சரி, இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். கால்வாயில் எதிரே வந்த ஜோடிகளில் பாதிக்கு மேல் ஒரே காட்சிதான். ஐயா சுக்கானைப் பிடித்துக்கொண்டு தேநீர்க் கோப்பையோடு நிற்பார். அம்மா கரையில் ஓடிப்போய் ஷட்டரைச் சுற்றி, முதுகைக் கொடுத்துக் கதவைத் தள்ளி, கயிற்றையும் பிடிப்பார். 'ஓட்டுவது கஷ்டம், அதனால் ஆண்' என்பது கணக்கு. உண்மை தலைகீழ். படகு ஓட்டுவதற்குப் பலம் தேவையே இல்லை, பொறுமை போதும். சுக்கானை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். அதுவும் உடனே திரும்பாது, யோசித்துவிட்டுத்தான் திரும்பும். ஒரு காலை நேரத்தில் கை பழகிவிடும். பலம் தேவைப்படுவது லாக்கில். அதனால் நான் ஓட்டினேன், அவர் விண்ட்லஸோடு முன்னால் நடந்தார். நாலைந்து லாக் முடிந்ததும் மாறிக்கொள்வோம். இரண்டு வேலையும் இருவருக்கும் தெரிந்திருந்தால்தான், படகில் இருப்பவர் ஏன் கத்துகிறார் என்று கரையில் நிற்பவருக்குப் புரியும். எஞ்சின் சத்தத்தில் எதுவும் கேட்காது என்பது வேறு. கைச் சைகையை முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் "என்னங்க!" என்று நாம் கூப்பிடுவதை ஷ்ராப்ஷயர் முழுக்கக் கேட்கும்.

வழியில் ரென்பரி என்ற கிராமத்தில் ஊர்ச் சாலையையே தூக்குகிற பாலம் இருக்கிறது. சாவியைப் போட்டு பட்டனை அழுத்தினால் தடுப்பு இறங்கும், இரண்டு பக்கமும் கார்கள் நிற்கும், சாலை வானத்தைப் பார்த்து எழும்பும். அந்த அதிகாரம் என் கணவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பிறகு கிரிண்ட்லி புரூக். இங்கே 6 லாக். முதல் மூன்று தனித்தனி. அடுத்த மூன்றும் படிக்கட்டு மாதிரி ஒட்டியே இருக்கும், ஒன்றின் மேல்கதவு அடுத்ததற்குக் கீழ்க்கதவு. இங்கே சீசனில் லாக் கீப்பர் இருப்பார். அவர் சொல்கிற ஷட்டரை அவர் சொல்கிறபோது சுற்றினால் போதும். கோடையில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், அங்கேதான் அடுத்த படகுக்காரர்களோடு பேச்சு பழக்கமாகும்.

விட்சர்ச் சின்ன ஊர். கோபுரக் கடிகாரங்கள் செய்த ஜாய்ஸ் குடும்பத்தின் ஊர் அது. ஷாங்காய் சுங்க மாளிகையின் பெரிய கடிகாரம் இங்கிருந்து போனது. எல்ஸ்மியரில் பனியுகம் விட்டுப்போன ஏரிகள் இருக்கின்றன. அதில் பிளேக் மியர் கால்வாயை ஒட்டியே கிடக்கிறது, நடுவில் மரங்களும் நடைபாதையும்தான். அன்றைக்கு அங்கேயே ஆப்பு அடித்துக் கயிறு கட்டினோம். இப்படி வழியில் தங்குவதற்குப் பெரும்பாலும் காசு இல்லை.

சர்க் என்ற ஊரில் 1801இல் கட்டிய, கால்வாயையே சுமக்கிற நீர்ப்பாலத்தைத் தாண்டினால் வேல்ஸ். தாண்டியவுடனே 400 மீட்டருக்கு மேல் நீளமான சுரங்கம், ஒருவழிதான். அதற்கப்புறம் கொஞ்ச தூரத்தில், இந்தக் கால்வாய்க்கு ஆட்கள் வருவதற்கே காரணமான பொன்ட்கசுல்தே நீர்ப்பாலம். தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெசப்பும் கட்டியது, 1805இல் திறந்தது. டீ ஆற்றுக்கு மேலே 38 மீட்டர் உயரத்தில், 307 மீட்டர் நீளத்துக்கு ஓர் இரும்புத் தொட்டி, அதில் தண்ணீர், அதில் நம் படகு. நடைபாதைப் பக்கம் கம்பி இருக்கிறது. மறுபக்கம் தொட்டியின் விளிம்பு மட்டும்தான், தண்ணீரிலிருந்து சில அங்குல உயரம். படகின் பின்னால் நின்று ஓட்டும்போது அந்த விளிம்புகூடக் கண்ணில் படாது, நேராக ஆறும் மரங்களின் தலையும்தான். படகு விழாது, அதற்கு வழியே இல்லை. அது மூளைக்குத் தெரியும், முழங்காலுக்குத் தெரியாது. உயரம் ஒத்துக்கொள்ளாதவர் உள்ளே போய்ச் சமைக்கலாம், அல்லது நடைபாதையில் நடந்து வரலாம். எங்களில் நடந்து வந்தது யார் என்பதை இங்கே எழுதக் கூடாது என்று உத்தரவு.

இந்தக் கால்வாயில் படகுப் போக்குவரத்தை 1944இல் சட்டம் போட்டே கைவிட்டார்கள். தூர்ந்துபோகாமல் தப்பியதற்குக் காரணம் தண்ணீர். லாங்கோத்லென் ஊருக்கு மேலே ஹார்ஸ்ஷூ அணையில் டீ ஆற்று நீரைத் திருப்பி, கால்வாய் வழியாக ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்துக்குக் கொண்டுபோகிறார்கள், குடிநீருக்காக. அதனால் மற்ற கால்வாய்கள் போலத் தேங்கி நிற்காமல் இதில் ஓட்டம் இருக்கிறது. போகும்போது எதிர்நீச்சல், திரும்பும்போது வேகம். நாள்கணக்கு போடும்போது இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி சில மைல்களில் இரண்டு படகு விலக முடியாத இடங்கள் உண்டு. ஒருவர் போனோடு முன்னால் நடந்துபோய் எதிரே யாரும் இல்லை என்று சொன்ன பிறகுதான் மற்றவர் படகை நகர்த்த வேண்டும். பத்திரிகையில் வரும் தம்பதியர் ஆலோசனையை விட இது நல்ல பயிற்சி.

சில்லறை விஷயங்கள். கேஸ் அடுப்பு இருக்கும், ஆனால் ரைஸ் குக்கர் கொண்டுபோகாதீர்கள், படகு பேட்டரி தாங்காது. சின்ன பிரஷர் குக்கர் போதும். இரண்டு பேருக்கு 45 அடிப் படகே தாராளம், 60 அடி என்றால் திருப்ப இடம் தேட வேண்டும். மணிக்கு மூன்று மைல், அல்லது மூன்று லாக் என்று கணக்கு வையுங்கள், சாப்பாட்டு நேரம் தனி. மே அல்லது செப்டம்பர் நல்லது, ஜூலை ஆகஸ்டில் கூட்டமும் வாடகையும் அதிகம். குளிர்காலத்தில் பழுதுபார்க்க லாக்குகளை மூடுவார்கள், கரை உடைந்து மாதக்கணக்கில் வழி அடைபடுவதும் உண்டு. பணம் கட்டும் முன் கால்வாய்களைப் பராமரிக்கும் அறக்கட்டளையின் தளத்தில் உங்கள் வழி முழுக்கத் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.