ஈசனோபிலை அழைப்பது யார்?

அன்புள்ள டாக்டர்,

நான் ப்ளஸ் டூ உயிரியல் ஆசிரியர். வெள்ளையணுக்கள் வேதிப்பொருள்களைச் சுரந்து ஈசனோபில்களை வரவழைக்கின்றன என்று வகுப்பில் சொன்னேன். “ஈசனோபிலும் வெள்ளையணுதானே சார், நியூட்ரோபில் மட்டும் ஏன் அந்தக் கூப்பாட்டுக்கு வருவதில்லை?” என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இன்னொன்று: தும்மல் தொல்லைக்காக ரத்தம் பரிசோதித்தேன், ஈசனோபில் 9 சதவீதம். வீட்டில் மிச்சமிருந்த ஸ்டீராய்டு மாத்திரையை ஐந்து நாள் போட்டதும் 2 சதவீதமாகிவிட்டது. தயிர், வாழைப்பழத்தை நிறுத்த வேண்டுமா?

எஸ்., தாராபுரம்

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்த மாணவியைத் தட்டிக்கொடுங்கள். தயிரும் பழமும் உங்களுக்கு ஒத்துக்கொண்டால் சாப்பிடுங்கள், அதோடு அந்தப் பேச்சை விடுவோம்.

உங்கள் பாடத்தில் ஒரு திருத்தம். வெள்ளையணு பெரும்பாலும் ஈசனோபிலை நேராக அழைப்பதில்லை. அழைக்கும்படி ரத்தக்குழாய், மூச்சுப்பாதைச் சுவர்களை ஏவுகிறது. மூக்கின் உள்தோலில் மாஸ்ட் செல் என்ற வெள்ளையணு உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல் ஒட்டியுள்ள ஐஜிஇ என்ற எதிர்ப்புரதத்தில் மகரந்தமோ தூசிப்பூச்சியின் புரதமோ பட்டால், சில நிமிடங்களில் ஹிஸ்டமின், புரோஸ்டகிளாண்டின் டி2 என்ற வேதிப்பொருள்கள் வெளியே கொட்டும். இந்த டி2 ஈசனோபிலை நேரடியாகவே இழுக்கும். பெரிய வேலை அடுத்த சில மணி நேரங்களில் நடக்கிறது. டிஎச்2 வகை டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள், செல்களுக்குச் செய்தி சொல்லும் புரதங்களான இன்டர்லூக்கின்களில் மூன்றைச் சுரக்கின்றன: 4, 5, 13. இன்டர்லூக்கின்-5 எலும்பு மஜ்ஜைக்குப் போய் ஈசனோபில்களை முதிரவைத்து ரத்தத்தில் இறக்கிவிடுகிறது. 4-ம் 13-ம் ரத்தக்குழாயின் உள்சுவரில் விகாம்-1 என்ற பிடிமானத்தை முளைக்க வைக்கின்றன. மூச்சுப்பாதையின் மேல்தோல் செல்களை, ஈசனோபிலை அழைக்கும் ஈயோடாக்சின் என்ற புரதத்தைச் செய்ய வைக்கின்றன. 1994-இல் ஒவ்வாமை ஏற்றப்பட்ட கினிப்பன்றிகளின் நுரையீரலைக் கழுவிய நீரிலிருந்துதான் ஈயோடாக்சினைப் பிரித்தெடுத்தார்கள்.

மாணவியின் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. ஈயோடாக்சினைக் கேட்கும் காது சிசிஆர்3 என்ற ஏற்பி. ஈசனோபிலின் மேற்பரப்பு முழுக்க அது. நியூட்ரோபிலில் அநேகமாக இல்லை. விகாம்-1-ஐப் பற்றும் விஎல்ஏ-4 கொக்கியும் அப்படித்தான். நியூட்ரோபிலுக்குக் கேட்பது வேறு குரல், இன்டர்லூக்கின்-8.

இதை வகுப்பில் விளக்க பாய்டன் அறையைக் கரும்பலகையில் வரையுங்கள். 1962-இல் ஸ்டீபன் பாய்டன் செய்த எளிய கருவி: மேலே ஒரு குழி, கீழே ஒரு குழி, நடுவே சில மைக்ரான் துளைகள் கொண்ட மெல்லிய படலம். மேலே செல்கள், கீழே வேதிப்பொருள். செல்கள் துளை வழியே நெளிந்து இறங்கும். இத்தோடு நிறுத்திவிடாதீர்கள், எல்லோரும் தவறுவது இங்கேதான். அதே பொருளை அதே அளவில் இரண்டு குழிகளிலும் ஊற்றிப் பார்க்க வேண்டும். அப்போதும் அதே எண்ணிக்கை இறங்கினால், அந்தப் பொருள் செல்லைத் துறுதுறுக்க வைத்திருக்கிறது, அவ்வளவே, வழிகாட்டவில்லை. இங்கே குறைவு, அங்கே அதிகம் என்ற சரிவுதான் திசை. அழைக்கும் பொருள் ரத்தம் முழுக்கச் சமமாகப் பரவிவிட்டால் சரிவு போய்விடும், ஏற்பிகளும் உள்ளிழுக்கப்பட்டு மரத்துவிடும்.

இனி உங்களைத் திட்ட வேண்டும். உயிரியல் ஆசிரியர் ஒருவர் சதவீதத்தை நம்பலாமா? மொத்த வெள்ளையணு 5,000 என்றால் 9 சதவீதம் 450, அது இயல்பு. மொத்தம் 15,000 என்றால் 4 சதவீதமே 600, அது அதிகம். மைக்ரோலிட்டருக்கு எத்தனை என்ற தனி எண்ணிக்கையைக் கேளுங்கள். 500-க்கு மேல் போனால்தான் பேச்சு. உடம்பே சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசோல் ஏறியிருக்கும் காலையில் எண் குறையும், இரவில் கூடும். ஒப்பிடுவதானால் ஒரே நேரத்தில் ரத்தம் கொடுங்கள்.

அந்த ஸ்டீராய்டு மாத்திரை. அது ரத்தத்து ஈசனோபில்களைச் சில மணி நேரத்திலேயே விரட்டிவிடும். 2 சதவீதம் என்ற தாள் எதையும் நிரூபிக்கவில்லை. ஈசனோபிலை அழைத்தது தூசியாக இல்லாமல் ஸ்ட்ராங்கிலாய்டஸ் புழுவாக இருந்திருந்தால்? வெறுங்காலோடு மண்ணில் நடக்கும்போது தோல் வழியே ஏறும் புழு அது; உடம்புக்குள்ளேயே திரும்பத் திரும்பப் பெருகிப் பல பத்தாண்டுகள் தங்கும். ஸ்டீராய்டு பட்டால் குடலிலிருந்து புழுக்குஞ்சுகள் நுரையீரல் வரை பரவும், குடல் பாக்டீரியாவையும் ரத்தத்துக்குள் இழுத்துச் செல்லும். குறைந்த நாள் மாத்திரையிலும் இது நேர்ந்திருக்கிறது, உயிரும் போயிருக்கிறது. மிச்ச மாத்திரையை இன்றே தூக்கி எறியுங்கள். சில வாரம் கழித்துத் தனி எண்ணிக்கை பாருங்கள். அப்போதும் அதிகமென்றால் மலப் பரிசோதனையை ஒரு தடவையோடு விடாதீர்கள். குஞ்சுகள் தினமும் வெளியே வராது, வெவ்வேறு நாள்களில் மூன்று தடவையாவது பார்க்கச் சொல்லுங்கள். எண் 3,000-ஐத் தாண்டி, இரவில் வறட்டு இருமலும் இழுப்பும் இருந்தால் யானைக்கால் புழுவினால் வரும் நுரையீரல் ஈசனோபீலியாவை மருத்துவர் யோசிப்பார். அதற்கு டைஎத்தில்கார்பமசின் மூன்று வாரம்.

மாணவி அடுத்து கேட்கப்போவது எனக்குத் தெரியும்: வந்த ஈசனோபில் சும்மா இருக்குமா? இருக்காது. அதுவும் இன்டர்லூக்கின்-5 சுரக்கும், ரான்டஸ் என்ற இன்னொரு அழைப்புப் புரதமும் சுரக்கும், தன் இனத்தைக் கூப்பிடும். இன்டர்லூக்கின்-5-ஐத் தடுக்கும் மெபோலிசுமாப் ஊசி போட்ட ஆஸ்துமாக்காரர்களின் ரத்தத்தில் ஈசனோபில் மிகவும் குறைந்துவிடும். ஆனால் மூச்சுக்குழாய்ச் சுவரில் ஒரு பகுதி இன்னும் உட்கார்ந்திருக்கும்.