மேடையில் இளஞ்சிவப்பு முக்கோணம்

கேள்வி: நாஜி முகாம்களில் அடைக்கப்பட்ட தன்பாலீர்ப்பு ஆண்களைப் பற்றி நாடகம் போடுகிறோம். கைதி உடை, கல் சுமக்கும் காட்சி இரண்டிலும் எதைக் கவனிக்க வேண்டும்? 1945-இல் முகாம் கதவு திறப்பதோடு முடிக்கலாமா?

பதில்: தன்பாலீர்ப்பு ஆண் கைதிகளை அடையாளம் காட்ட நாஜிகள் அணியவைத்த இளஞ்சிவப்புத் துணி முக்கோணத்தின் முனை கீழ்நோக்கி இருக்க வேண்டும், பலர் தலைகீழாகத் தைத்துவிடுகிறார்கள். கைதி எண்ணோடு, சட்டையின் இடது மார்பில் வரும். பின் குத்தினால் துணி உப்பி நிற்கும். ஓரம் மடித்துக் கையால் தையுங்கள். இளஞ்சிவப்புத் துணி சிவப்பு விளக்கில் வெளிறும், அடர்நீலத்தில் ஊதாவாகும். காட்சிக்குரிய விளக்கிலேயே துணியைப் பிடித்துப் பார்த்து முடிவெடுங்கள்.

கல்லுக்கு வெறும் தெர்மகோல் வேண்டவே வேண்டாம். கீழே வைத்ததும் துள்ளும். நடிகரின் தோளும் முதுகும் பொய் சொல்லும். கெட்டி ஃபோமைக் குடைந்து 3 கிலோ மணல் பொட்டலத்தை உள்ளே வைத்து, கோணித்துணியை ஃபெவிகாலால் ஒட்டி, காய்ந்தபின் சாம்பல் வண்ணம் பூசுங்கள். முதல் ஒத்திகையிலிருந்தே அதைத் தூக்கட்டும். பத்தாவது முறை மூச்சு தானாக மாறும், நடிக்கத் தேவையில்லை.

1945-இல் முடிக்காதீர்கள். ஆண்களின் தன்பாலுறவைக் குற்றமாக்கிய, நாஜிகள் 1935-இல் கடுமையாக்கிய 175-ஆம் சட்டப் பிரிவு மேற்கு ஜெர்மனியில் 1969 வரை அப்படியே இருந்தது. முழுதாக நீங்கியது 1994-இல்தான். முகாமிலிருந்து மீண்ட சிலரை மிச்சத் தண்டனைக்காக மறுபடி சிறையில் போட்டார்கள். நாஜி காலத் தீர்ப்புகள் 2002-இல்தான் ரத்தாயின. கடைசிக் காட்சியில் அதே நடிகரைச் சாதாரணக் கோட்டுடன் ஒரு நீதிபதியின் மேசை முன் நிறுத்துங்கள்.